தேதியும் ஒரு செய்திதான்: ‘வரலாற்றில் இன்று’ பகுதியை வெளியிடும் ஆசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய ஆசிரியர்களே,

‘வரலாற்றில் இன்று’ பகுதியில் நேரும் பிழைகளுக்கு இனித் திருத்தம் வெளியிடுவதில்லை என்று முடிவு செய்திருப்பதாக உங்களில் ஒருவரின் அலுவலகத்திலிருந்து எனக்குப் பதில் வந்திருக்கிறது. அந்தப் பகுதி செய்தி அல்ல, பக்கத்தின் அடியில் எஞ்சும் இடத்தை நிரப்பும் துணுக்கு என்றும், துணுக்குகளுக்குத் திருத்தம் போடும் வழக்கம் இல்லை என்றும் அந்தப் பதில் சொல்கிறது. மூன்று ஆண்டுகளில் நான் எழுதிய 11 கடிதங்களுக்குக் கிடைத்த முதல் பதில் அதுதான். அந்த நாளிதழின் பெயரை நான் இங்கே சொல்லப்போவதில்லை. இதே பகுதியை வேறு தலைப்புகளில் வெளியிடும் மற்ற இதழ்களும், நாட்காட்டி அச்சிடுவோரும், தொலைக்காட்சிகளின் காலை நிகழ்ச்சிகளும் அதே பிழைகளை, பல நாட்களில் அதே வரிசையிலேயே சொல்லிவருவதால் இந்த மடல் உங்கள் அனைவருக்கும் உரியது. ஒரே கிணற்றில் எல்லோரும் மொண்டுகொள்கிறீர்கள். கிணற்றை எட்டிப் பார்த்தவர் யார் என்றுதான் தெரியவில்லை.

நான் 26 ஆண்டுகள் பள்ளியில் வரலாறு கற்பித்து ஓய்வு பெற்ற ஆசிரியை. அந்த ஆண்டுகள் முழுவதும் காலைக் கூட்டத்தில் ஒரு மாணவரோ மாணவியோ உங்கள் பகுதியை உரக்க வாசிப்பதும், பிறகு அது வகுப்புக் கரும்பலகையின் வலது ஓரத்தில் எழுதப்படுவதும் நடந்துவந்தன. பாடநூலில் இருப்பதைச் சந்தேகிக்கும் பிள்ளைகூட நாளிதழில் அச்சான தேதியைச் சந்தேகிப்பதில்லை. நீங்கள் துணுக்கு என்று அழைப்பது எங்கள் வகுப்பில் சான்றாக நின்றது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

ஓர் ஆண்டு ஜூலை 20 அன்று, நிலவில் மனிதன் கால் வைத்த நாள் என்று உங்கள் பகுதியிலிருந்து ஒரு மாணவி வாசித்தாள். அடுத்த ஆண்டு அதே நாளிதழ் அதே செய்தியை ஜூலை 21 அன்று வெளியிட்டது. இரண்டையும் வெட்டி ஒட்டி வைத்திருந்த அவள் எது சரி என்று கேட்டபோது, இரண்டும் சரி என்றுதான் நான் சொல்ல வேண்டியிருந்தது. 1969இல் ஈகிள் கலம் நிலவில் இறங்கியபோது கிரீன்விச் நேரப்படி ஜூலை 20 இரவு 8 மணி 17 நிமிடம். இந்தியாவில் அப்போது 21ஆம் தேதி பிறந்து ஏறத்தாழ இரண்டு மணி நேரம் ஆகியிருந்தது. ஆம்ஸ்ட்ராங் ஏணியிலிருந்து இறங்கிக் காலடி வைத்தபோது அமெரிக்காவின் கிழக்குக் கரையில் 20ஆம் தேதி இரவு 11 மணியை நெருங்கிக்கொண்டிருந்தது. இந்தியாவில் 21ஆம் தேதி காலை 8.26. எந்தக் கடிகாரத்தின்படி என்று மூன்று சொற்கள் சேர்த்திருந்தால் அந்தப் பிள்ளை நேர வலயம் என்ற ஒன்றையே அன்று கற்றுக்கொண்டிருப்பாள். நீங்கள் சேர்க்காததால், பள்ளிகளுக்கிடையே நடந்த ஒரு வினாடி வினாவில் 21 என்று சொல்லி மதிப்பெண் இழந்தாள். நடுவரின் கையில் இருந்தது உங்கள் முதல் ஆண்டுத் துணுக்கு.

இது கடிகாரத்தால் வந்த குழப்பம். நாட்காட்டியால் வருவது இதைவிட ஆழமானது. உங்களில் ஒருவர், ஒரே ஆண்டில், அக்டோபர் 25 அன்று ‘ரஷ்யாவில் போல்ஷ்விக்குகள் ஆட்சியைக் கைப்பற்றினர் (1917)’ என்றும், நவம்பர் 7 அன்று ‘ரஷ்யப் புரட்சி வெடித்தது (1917)’ என்றும் வெளியிட்டார். இரண்டு வாரங்களில் ஒரு நாடு இரண்டு முறை கவிழ்ந்தது போலிருந்தது. நடந்தது ஒன்றுதான். அன்றைய ரஷ்யா ஜூலியன் நாட்காட்டியைப் பின்பற்றியது. மற்ற ஐரோப்பா பெரும்பாலும் கிரிகோரியன் நாட்காட்டிக்கு மாறிவிட்டிருந்தது. பழைய ஜூலியன் கணக்கு அப்போது 13 நாள் பின்தங்கியிருந்தது. புதிய அரசு 1918இல் நாட்காட்டியை மாற்றியபோது ஜனவரி 31க்கு மறுநாள் பிப்ரவரி 14 ஆயிற்று. அக்டோபர் புரட்சி ஏன் நவம்பரில் கொண்டாடப்பட்டது என்ற கேள்வியை வகுப்பில் எழுப்பாமல் நான் அந்தப் பாடத்தைத் தொடங்கியதே இல்லை. அந்தக் கேள்வியை உங்கள் அலுவலகத்தில் ஒருவரும் எழுப்பவில்லை என்பதே என் வருத்தம்.

இந்த மாற்றம் 1582இல் தொடங்கியது. போப் பதின்மூன்றாம் கிரிகோரியின் ஆணையை ஏற்ற ஸ்பெயின், போர்ச்சுகல், இத்தாலியின் பெரும்பகுதி, போலந்து ஆகியவற்றில் அக்டோபர் 4க்கு மறுநாள் அக்டோபர் 15. ஸ்பெயினின் துறவி, அவிலாவின் தெரேசா இறந்தது அந்த இரவில்தான். 4ஆம் தேதிக்கும் 15ஆம் தேதிக்கும் நடுவில் ஒரே ஓர் இரவு. இங்கிலாந்து 1752 வரை பிடிவாதமாக இருந்து, செப்டம்பர் 2இலிருந்து 14க்குத் தாவியது. ஆகவே 1582க்கும் 1752க்கும் இடைப்பட்ட ஆங்கிலேயத் தேதி ஒன்றையும் ஸ்பானியத் தேதி ஒன்றையும் ‘ஒரே நாளில்’ என்று சேர்த்து எழுதுகிறவர், இரண்டு வெவ்வேறு அளவுகோல்களால் அளந்த துணிகளை ஒரே நீளம் என்று சொல்பவரைப் போன்றவர்.

இதில் நானும் குற்றவாளிதான். ஷேக்ஸ்பியரும் ஸ்பானிய எழுத்தாளர் செர்வான்டிசும் 1616 ஏப்ரல் 23 அன்று ஒரே நாளில் இறந்தார்கள் என்று உங்கள் பகுதியைப் படித்துவிட்டுப் பல ஆண்டுகள் வகுப்பில் உணர்ச்சியோடு சொல்லிவந்தேன். ஷேக்ஸ்பியரின் ஏப்ரல் 23 ஜூலியன் கணக்கு. அன்று ஸ்பெயினில் மே 3. செர்வான்டிஸ் அதற்குப் பத்து நாட்களுக்கு மேல் முன்பே மறைந்துவிட்டார். அவர் இறந்தது 22ஆம் தேதி என்றும், 23 என்பது அடக்கம் பதிவான நாள் என்றும் இன்று பெரும்பாலும் ஏற்கப்படுகிறது. ஷேக்ஸ்பியர் பிறந்ததும் ஏப்ரல் 23 என்று நீங்கள் ஆண்டுதோறும் போடுகிறீர்கள். பதிவேட்டில் இருப்பது 1564 ஏப்ரல் 26 அன்று ஞானஸ்நானம் பெற்றார் என்பது மட்டுமே, மற்றது பிற்காலத்தாரின் ஊகம். யுனெஸ்கோ 1995இல் உலகப் புத்தக நாளுக்கு ஏப்ரல் 23ஐத் தேர்ந்தெடுத்ததில் தவறொன்றும் இல்லை. அது நினைவுகூரும் நாள். நினைவுகூரும் நாளை நிகழ்ந்த நாளாக அச்சிடுவதுதான் தவறு. என் பிழையை உணர்ந்த ஆண்டில் வகுப்பில் நின்று, சென்ற வாரம் நான் சொன்னது தவறு என்று சொன்னேன். பிள்ளைகள் சிரித்தார்கள், ஆனால் அந்த ஆண்டு முழுவதும் அவர்கள் மறக்காமல் வைத்திருந்த தேதி அது ஒன்றுதான்.

இரவில் நடந்தவற்றைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல விரும்புகிறேன், ஏனெனில் உங்கள் பகுதி அதிகம் சேதப்படுத்துவது அவற்றைத்தான். போபாலில் யூனியன் கார்பைடு ஆலையிலிருந்து மீத்தைல் ஐசோசயனேட் வாயு கசிந்தது 1984 டிசம்பர் 2க்கும் 3க்கும் இடைப்பட்ட இரவு. தனுஷ்கோடியைப் புயல் விழுங்கியது 1964 டிசம்பர் 22க்கும் 23க்கும் இடைப்பட்ட இரவு. நீங்கள் ஏதாவது ஒரு தேதியைப் போட்டுவிட்டு நகர்கிறீர்கள். யாழ்ப்பாணப் பொது நூலகத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 1981 மே 31 அன்று தொடங்கிய வன்முறை அடுத்த நாட்களிலும் நீடித்தது. சுமார் 97,000 நூல்களோடும் ஓலைச்சுவடிகளோடும் நூலகம் எரிந்த இரவை மே 31 என்று குறிப்பவர்களும் உண்டு, ஜூன் 1 என்று குறிப்பவர்களும் உண்டு. இந்த வேறுபாட்டை அறிந்தே எழுதுகிற ஆசிரியர், ‘மே 31, ஜூன் 1 நாட்களை ஒட்டி’ என்று எழுதுவார். உங்களில் ஒருவர் ஓர் ஆண்டு மே 31 அன்று ‘யாழ் நூலகம் எரிக்கப்பட்டது’ என்றும், மறுநாள் ‘யாழ்ப்பாணத்தில் நூலகம் ஒன்று தீக்கிரையானது’ என்றும் இரண்டு நாளும் போட்டார். ‘நூலகம் ஒன்று’ என்ற அந்தச் சொற்களைப் படித்த அன்று எழுதியதுதான் என் முதல் கடிதம். எரிந்தது எது என்று தெரியாதவர் கையால் அந்த வரி எழுதப்பட்டிருக்கிறது.

ஒரு நாளுக்குள் அடங்காதவற்றை ஒரு நாளுக்குள் அடைப்பது இன்னொரு பழக்கம். 1947 ஆகஸ்ட் 15 என்றால் ‘இந்தியா சுதந்திரம் அடைந்தது, நாடு பிரிக்கப்பட்டது’ என்று ஒரே வரி. எல்லைக்கோடு எங்கே ஓடுகிறது என்பது அன்று மக்களுக்கு அறிவிக்கப்படவே இல்லை. எல்லையை வகுத்த குழுக்களின் தலைவர் ராட்கிளிஃப்பின் தீர்ப்பு வெளியானது ஆகஸ்ட் 17 அன்று. இடைப்பட்ட நாட்களில் முர்ஷிதாபாத்தில் பாகிஸ்தான் கொடி பறந்தது, குல்னாவில் இந்தியக் கொடி பறந்தது. பிறகு இரண்டும் இடம் மாறின. எந்த நாட்டில் இருக்கிறோம் என்று தெரியாமல் விடுதலை நாளைக் கொண்டாடிய மனிதர்களின் கதையை ஒரு வரியில் சொல்ல முடியாதுதான். ஆகஸ்ட் 17 அன்று இன்னொரு வரி போட்டிருக்கலாமே? என் நினைவுக்கு எட்டியவரை அந்தத் தேதியில் நீங்கள் அதைப் போட்டதில்லை. தொலைபேசிக்கும் இதே கதி: கிரஹாம் பெல், அவருடைய போட்டியாளர் எலிஷா கிரே இருவரின் விண்ணப்பங்களும் பதிவானது 1876 பிப்ரவரி 14, பெல்லுக்குக் காப்புரிமை கிடைத்தது மார்ச் 7, கம்பி வழியே முதல் வாக்கியம் தெளிவாகக் கேட்டது மார்ச் 10. மூன்று தேதிகளிலும் ‘தொலைபேசி கண்டுபிடிக்கப்பட்டது’ என்றே வருகிறது.

எதைச் சேர்ப்பது, எதை விடுவது என்பது உங்கள் உரிமை என்று சொல்வீர்கள். ஒப்புக்கொள்கிறேன், ஆனால் அந்த உரிமையை நீங்கள் எப்படிப் பயன்படுத்துகிறீர்கள் என்பதற்கு டிசம்பர் 25ஆம் தேதிப் பக்கங்கள் ஆறு என்னிடம் இருக்கின்றன. ஆறிலும் நியூட்டன் பிறந்தார் (1642), சார்லி சாப்ளின் மறைந்தார் (1977), கோர்பச்சேவ் பதவி விலகினார் (1991). நியூட்டனின் டிசம்பர் 25 ஜூலியன் கணக்கு, கிரிகோரியன் கணக்கில் அது 1643 ஜனவரி 4 என்ற குறிப்பு ஒன்றிலும் இல்லை, இருக்கட்டும். அந்த ஆறில் ஐந்தில் கீழ்வெண்மணி இல்லை. 1968 டிசம்பர் 25 இரவு, கூலி உயர்வு கேட்ட விவசாயத் தொழிலாளர் குடும்பங்களைச் சேர்ந்த 44 பேர், பெரும்பாலும் பெண்களும் குழந்தைகளும், ஒரு குடிசைக்குள் வைத்து எரிக்கப்பட்டார்கள். தமிழில் வெளிவரும் ஒரு பகுதி, அந்தத் தேதியில், லண்டனையும் மாஸ்கோவையும் நினைவுபடுத்திவிட்டு அதை விட்டுவிடுகிறது. ஆறாவது பக்கத்தில் இருந்தது. ‘தீ விபத்து’ என்று. அதற்கு நான் எழுதிய கடிதம் என் கடிதங்களிலேயே மிக நீளமானது. அதைத் துணுக்கு என்று சொல்லித் திருத்த மறுக்கும் பதிலைத்தான் இப்போது பெற்றிருக்கிறேன்.

வினைச்சொற்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. 1492 அக்டோபர் 12 அன்று கொலம்பஸ் அமெரிக்காவைக் ‘கண்டுபிடித்தார்’ என்கிறீர்கள். மக்கள் வாழ்ந்த ஒரு தீவில், ஆசியாவை அடைந்துவிட்டோம் என்ற நம்பிக்கையோடு அவர் கரையிறங்கினார். வந்தார், இறங்கினார் என்று தமிழில் எளிய சொற்கள் இருக்கின்றன. எண்ணிக்கைகளும் அப்படியே. ஜாலியன்வாலா பாக்கில் 1919 ஏப்ரல் 13 அன்று 379 பேர் இறந்தனர் என்று ஓர் ஆண்டும், ஆயிரம் பேர் என்று மறு ஆண்டும் வெளியிடுகிறீர்கள். 379 என்பது ஆங்கிலேய அரசின் கணக்கு. ஆயிரம் என்பது காங்கிரஸ் அமைத்த விசாரணைக் குழுவின் மதிப்பீடு. யார் எண்ணியது என்று சொல்லாத எண் யாருக்கும் உதவாது.

இவ்வளவும் சொல்வதால் இந்தப் பகுதியையே நிறுத்திவிட வேண்டும் என்று நான் கருதுவதாக நினைக்க வேண்டாம். ஒரே தேதியில் வெவ்வேறு ஆண்டுகளில் நடந்தவற்றை அருகருகே வைத்துப் பார்ப்பது பிள்ளைகளை வரலாற்றுக்குள் இழுக்கும் நல்ல வாசல் என்பதை என் அனுபவத்தில் கண்டிருக்கிறேன். ஓர் அக்டோபர் 16 அன்று கரும்பலகையில் இரண்டு வரிகள்: 1793, பாரிசில் அரசி மரீ அன்த்வானெத் கில்லட்டினில் கொல்லப்பட்டார், 1799, கயத்தாறில் வீரபாண்டிய கட்டபொம்மன் தூக்கிலிடப்பட்டார். இரண்டுக்கும் தொடர்பு உண்டா என்று ஒருவன் கேலியாகக் கேட்டான். தேதி ஒன்றாக வந்தது தற்செயல் என்று சொல்லிவிட்டு, ஆனால் தொடர்பு இல்லை என்று சொல்ல முடியாது என்றேன். அரசனையும் அரசியையும் கொன்ற பிரெஞ்சுக் குடியரசோடு பிரிட்டன் போரில் இருந்தது. திப்பு சுல்தான் பிரான்சின் துணையை நாடினார். 1798இல் நெப்போலியன் எகிப்தில் இறங்கினார். பிரெஞ்சுக்காரர்கள் இந்தியாவுக்கு வந்துவிடுவார்கள் என்ற அச்சத்தையே காரணமாகக் காட்டி கவர்னர் ஜெனரல் வெல்லெஸ்லி மைசூர் மீது படையெடுத்தார். 1799 மே 4 அன்று ஸ்ரீரங்கப்பட்டணம் வீழ்ந்தது. மைசூரின் கவலை ஒழிந்த கம்பெனி, அதே ஆண்டு செப்டம்பரில் பானர்மேன் தலைமையில் படையைப் பாஞ்சாலங்குறிச்சிக்கு அனுப்பியது. அடுத்த மாதம் கயத்தாறு. பாரிசின் சதுக்கத்திலிருந்து கயத்தாற்றுப் புளியமரம் வரை ஒரு வழி இருக்கிறது. அந்த வழி தேதியில் இல்லை, தேதிகளுக்கு நடுவில் இருக்கிறது. கேலி செய்தவன் அந்த மாதம் முழுவதும் நூலகத்தில் இருந்தான். இதற்கு உதவியது உங்கள் பகுதிதான் என்பதை நன்றியோடு ஒப்புக்கொள்கிறேன், ஆகவேதான் அதைத் துணுக்கு என்று நீங்களே தாழ்த்துவதை என்னால் ஏற்க முடியவில்லை.

என் கோரிக்கைகளைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். முதலாவதும் அவசரமானதும், திருத்தம் வெளியிடுவதில்லை என்ற முடிவைத் திரும்பப் பெறுங்கள். பிழை வந்த இடத்திலேயே, அதே எழுத்தளவில், பிழை என்ன, சரி என்ன என்று இரண்டையும் சொல்லித் திருத்தம் வரட்டும். நாளொன்றுக்கு எட்டு வரிகள் வேண்டாம், மூன்று போதும். மிஞ்சும் இடத்தில் ஒவ்வொன்றுக்கும் இரண்டு வாக்கியம் விளக்கம் தாருங்கள். இடம் போதவில்லை என்ற பதிலை நான் ஏற்கமாட்டேன், ஏனெனில் எட்டு வரிகளுக்கு இடம் இருக்கிறது.

இங்கிலாந்துக்கு 1752க்கும் ரஷ்யாவுக்கு 1918க்கும் முந்தைய தேதிகளைப் போடும்போது எந்த நாட்காட்டி என்று குறிப்பிடுங்கள். நள்ளிரவைத் தாண்டி நீண்ட நிகழ்வுகளுக்கு இரண்டு தேதிகளையும் கொடுங்கள். உலகம் முழுவதும் ஒரே நேரத்தில் அறிந்த நிகழ்வுகளுக்கு எந்த இடத்தின் நேரம் என்று சொல்லுங்கள். உயிரிழந்தோர் எண்ணிக்கையை யார் கணக்கு என்ற குறிப்பு இல்லாமல் வெளியிடாதீர்கள். நினைவு நாள், பதிவு நாள், நிகழ்ந்த நாள் மூன்றையும் குழப்பாதீர்கள். இந்தப் பகுதியைத் தொகுப்பவர் யார், எந்த நூல்களைப் பார்க்கிறார் என்பதை மாதம் ஒருமுறையாவது வாசகருக்குத் தெரிவியுங்கள். வெளியிலிருந்து வாங்கும் பட்டியல் என்றால் அதையும் சொல்லுங்கள்.

கடைசியாக, வரும் டிசம்பர் 25 அன்று கீழ்வெண்மணியைப் போடுங்கள். 44 பேர் என்று போடுங்கள், எரிக்கப்பட்டார்கள் என்று போடுங்கள், கூலி கேட்டதற்காக என்று போடுங்கள். அதற்குக் கீழே, முன்பு இதே பகுதியில் ‘தீ விபத்து’ என்று வெளியானது தவறு என்று ஒரு வரி சேருங்கள். இந்த மடலுக்கான பதிலை எனக்கு அஞ்சலில் அனுப்ப வேண்டாம். அந்தப் பக்கத்தில், அந்த இடத்தில் வெளியிடுங்கள், அன்று காலை நான் பார்த்துக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற வரலாற்று ஆசிரியை ஒருவர்